பலெர்மோ வீதியில் எள்ளு மிட்டாய்



யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியாகச் சென்றால் சண்டிலிப்பாய் வரும். பனையும் தோட்டமும் நிறைந்த பகுதி. எள்ளை வறுத்து, இடித்து, சர்க்கரை சேர்த்து உருண்டை பிடிப்பது யாழ்ப்பாணத்துக் கைப்பக்குவம். 1983-க்குப் பின் யுத்தத்தால் சிதறிய யாழ்ப்பாணத்தாரில் ஒரு பகுதியினர் இத்தாலியின் ஸிஸிலித் தீவில், பலெர்மோ நகரில் குடியேறினார்கள். அங்கும் அவர்கள் கண்டது எள்ளுப் பண்டம்தான்!

டிசம்பரில் அந்நகரத்தார் நத்தார் பண்டிகைக்காகக் குடும்பத்தோடு கடைவீதிக்குப் போகிறார்கள். தேனில் எள்ளைக் காய்ச்சி வெட்டிய மிட்டாயும், அத்திப்பழம் பொதிந்த வளையப் பணியாரமும் வாங்குகிறார்கள். 13-ஆம் நாள் பலர் ரொட்டி உண்பதில்லை. 1646-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தானியக் கப்பல் வந்து சேர, மாவரைக்கவும் பொறுக்காமல் கோதுமையை அவித்தே உண்டார்கள் என்பது அவ்வூரார் சொல்லும் கதை. அதன் நினைவாக இன்றும் கோதுமையை அவித்து, பாற்கட்டியும் சர்க்கரையும் கலந்து உண்கிறார்கள்.

அந்த எள்ளு மிட்டாய்க்கு 'ஜுஜ்ஜுலேனா' என்று பெயர். எள்ளைக் குறிக்கும் 'ஜுல்ஜுலான்' என்ற அரபிச் சொல்லே அது! கி.பி. 831 முதல் 1072 வரை பலெர்மோ முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. 1184-ல் ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய பயணி இப்னு ஜுபைர், நத்தார் நாளில் அங்கே இருந்தார். கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முக்காடிட்டு, மருதாணி பூசி, நறுமணம் கமழச் சென்றதை எழுதி வைத்திருக்கிறார்.

அந்த முஸ்லிம்கள் என்ன ஆனார்கள்? 13-ஆம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் பிரெடரிக் அவர்களைத் தீவிலிருந்து அகற்றி, லூசேரா என்ற ஊரில் குடிவைத்தார். 1300-ல் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது. பண்டம் பிழைத்தது, செய்தவர்கள் மறைந்தார்கள்.

நமக்கு இது வெறும் பழங்கதையா? 1990 அக்டோபர் 30-ல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நகையும் பணமும் பறிபோன நிலையில் பலர் புத்தளம் வந்து சேர்ந்தார்கள். சண்டிலிப்பாயை விட்டுப் போனவருக்கும் சரி, சோனகத் தெருவை விட்டு வந்தவருக்கும் சரி, பறிக்க முடியாமல் கூடவே வந்தது கைப்பக்குவம்தான்.

சகோதரிகளே! அதை உங்கள் மகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பக்குவத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இது எந்த ஊர்ப் பண்டம், எந்தத் தெருவில், எந்தப் பெரியம்மா செய்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.