தேடும் முன்பே தேடி வைப்பது



போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், கூகுள்ல உலகத்தையே அரை நொடியில தேடுறோம். என் கம்ப்யூட்டர்ல இருக்கிற ஒரு பத்திரத்தைத் தேடினா மட்டும் சுத்திக்கிட்டே இருக்கே, ஏன்?" நல்ல கேள்வி. குழுவில் நாலு வரியில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் கழித்து ஒருவர் வந்து தன் சேர்க்கை விவரம் கேட்கிறார். எந்த வருடம் சேர்ந்தார் என்று அவருக்கே நினைவில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர்கள் சேர்ந்த வரிசையில்தான் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். அடுத்த நாள் இன்னொருவர் வந்தால் மறுபடியும் முதல் பக்கம். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் எல்லாப் பெயரையும் அகரவரிசையில் எழுதி, எதிரே சேர்க்கை எண்ணைக் குறித்து ஒரு நோட்டு வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். அந்த நோட்டு இல்லையென்றால், நீங்கள் தேடும் சொல்லுக்காக அது ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படிக்க வேண்டும். ஒரு கோப்புக்கு நொடியில் இருபதில் ஒரு பங்கு என்றே வையுங்கள். 10,000 கோப்புக்கு 500 நொடி, எட்டு நிமிடத்துக்கு மேல். அடுத்த தேடலுக்கு இன்னொரு எட்டு நிமிடம்.

இண்டெக்ஸ் போடும் மென்பொருள் இந்தப் படிக்கும் வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகிறது. எல்லாக் கோப்பையும் ஒரு முறை படித்து, எந்தச் சொல் எந்தெந்தக் கோப்பில் இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிடும். உ.வே.சா. பதிப்பித்த நூல்களின் கடைசியில் அரும்பத அகராதி பார்த்திருப்பீர்கள். அதே யோசனைதான். ஒரு லட்சம் சொல் அகரவரிசையில் இருந்தால், நடுவில் பிரித்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்துக்கொண்டே போனால் 17 தடவையில் சொல் கிடைத்துவிடும். நம்பாதவர்கள் இரண்டை 17 முறை பெருக்கிப் பாருங்கள், 1,31,072 வரும். "பட்டா", "1987" என்று இரண்டு சொல் போட்டுத் தேடினால், இரண்டு பட்டியலுக்கும் பொதுவான கோப்புகளை எடுத்துத் தரும். கணிதப் பாடத்தில் படித்த வெட்டு கணம்தான் அது. எங்கே பயன்படும் என்று அன்று கேட்டீர்களே, இங்கே!

இதற்கும் ஒரு விலை உண்டு. முதல் தடவை பட்டியல் போட மணிக்கணக்கில் ஆகலாம். டிஸ்க்கில் கொஞ்சம் இடமும் எடுக்கும். பிறகு நீங்கள் ஒரு கோப்பை மாற்றினால், அதற்குரிய பதிவை மட்டும் பின்னணியில் திருத்திக்கொள்ளும்.

இவ்வளவு இருந்தும் ஏன் சில கோப்புகள் அகப்படுவதில்லை? பட்டியலில் ஏறாத எதுவும் தேடலில் வராது. இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

முதல் காரணம், இடம். விண்டோஸ் தானாகப் பட்டியல் போடுவது டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற சில இடங்களுக்குத்தான். நம்மில் பாதிப் பேர் முக்கியமானதை எல்லாம் டி டிரைவில்தானே வைக்கிறோம்?

இரண்டாவது, ஸ்கேன் செய்த பத்திரங்கள். நமக்கு அது எழுத்து, கம்ப்யூட்டருக்கு வெறும் படம். எழுத்துணரி மென்பொருள் படித்துக் கொடுத்தால் ஒழிய உள்ளே இருக்கும் ஒரு சொல்லும் பட்டியலில் ஏறாது.

மூன்றாவது நம் தமிழுக்கே உரிய சிக்கல். யூனிகோடு பரவுவதற்கு முன் நாம் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டினோம். திரையில் "அம்மா" என்று தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி. பட்டியல் போடும் மென்பொருள் முகமூடியைப் பார்ப்பதில்லை. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். அதற்கு முன் தட்டியதில் எவ்வளவோ இப்படித்தான் கிடக்கிறது.

இது எனக்கு வெறும் கம்ப்யூட்டர் பாடம் இல்லை. அம்மா பாடிய தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி என்று அறுபதுக்கு மேல் 2003-இல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டி வைத்திருந்தேன். அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. சென்ற ஆண்டு தம்பி மகள் தன் வளைகாப்புக்கு, "பெரியப்பா, ஆத்தா பாடுமே, தாய்மாமன் சீர் கொண்டு வர்ற பாட்டு, அது வேணும்" என்று கேட்டாள். தேடினேன். கண் இமைக்கும் நேரத்தில் "எதுவும் இல்லை" என்று பதில். ஆனால் பாட்டு அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கண்டுபிடித்தேன். பிறகு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, வரிக்கு வரி சரிபார்க்க நான்கு மாலைகள் ஆயின. இன்று "சீர்" என்று தட்டினால் அம்மா வந்து நிற்கிறார்.

நான் அந்தக் கோப்புகளை அறிவேன், அதனால் தேடினேன். எனக்குப் பின் வருபவர்கள் அந்த "எதுவும் இல்லை"யை நம்பிவிடுவார்கள் அல்லவா?

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுப்பாடம்:

1. ஸ்டார்ட் மெனுவில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் திறந்து, மாடிஃபை அழுத்தி, நீங்கள் கோப்பு வைக்கும் டிரைவை டிக் செய்யுங்கள். பட்டியல் முடியும்வரை பொறுங்கள்.

2. ஸ்கேன் செய்த ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். "ஸ்கேன் 0014" வேண்டாம். "1987 கிரயப் பத்திரம் கீழத்தோட்டம்" என்று வையுங்கள்.

3. பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் கண்ணால் ஒரு முறை படியுங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

4. தமிழில் தேடும்போது சொல்லின் மாறாத முன்பகுதியைப் போடுங்கள். "நிலம்" என்றால் "நிலத்தை" பெரும்பாலும் வராது. "நில" என்றால் இரண்டும் வரும்.

முடித்தவர்கள் கீழே "முடித்தேன் சார்" என்று எழுதுங்கள். பழைய எழுத்துருவில் மாட்டிக்கொண்ட அப்பா கடிதமோ பாட்டி பாட்டோ இருந்தால் எனக்கு அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது.