காருக்குப் பல்லக்கு!

லாஸ் ஏஞ்சலிஸில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு 1932 ஃபோர்டு. குறைந்த விலையில் வி-8 இன்ஜினோடு வந்த முதல் கார். அந்தக் காலத்துப் பையன்கள் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வறண்ட ஏரிகளில் பறக்கவிட்ட 'ஹாட் ராட்' ரகம்!

சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, பொமோனாவில் கார் கண்காட்சி. பெரியவர் காரை டிரெய்லரில் ஏற்றிப் போர்வை போர்த்தினார். பறக்கப் பிறந்ததற்குப் பல்லக்கு!

''ஓட்டிக்கிட்டே போகலாமே சார்?''

''கல் தெறிச்சா பெயின்ட் போயிடும். டிராஃபிக்ல நின்னா இன்ஜின் கொதிக்கும்.''

நியாயம்தான். ஆனால், நிறுத்தியே வைத்தால் பெட்ரோல் கெடும், ரப்பர் சீல் காயும், பேட்டரி படுத்துவிடும். பி.காம். படித்தவன் சொல்கிறேன்... ஓடினாலும் தேய்மானம், நின்றாலும் தேய்மானம்!

அம்மா ஞாபகம் வந்தது. ''அழுக்காயிடும்டா'' என்று கூறைப்புடவையை பீரோவிலேயே வைத்திருந்தாள். அவள் போன பிறகு பிரித்தோம். மடிப்புக்கு மடிப்பு இற்றுப் போயிருந்தது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

ஞாயிறு சாயங்காலம் தெருமுனையில் உறுமல். மகன் ஓட்டி வந்த டிரெய்லர் காலி. பின்னாலேயே ஃபோர்டில் பெரியவர், முகமெல்லாம் புழுதியும் சிரிப்புமாக!

''அவர்கிட்ட என்னடா சொன்னே?'' என்றாள் அக்கா.

''நாளைக்கு நீ அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கோ... சொல்றேன்!''