ஓநாய் முத்திரையும் தஞ்சைக் கைப்பிடியும்

பழைய வாளை எடுத்ததும் பலரும் கைப்பிடி வேலைப்பாட்டைத்தான் பார்ப்பார்கள். என் கண் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, அலகுக்குத்தான் போகும். ஐரோப்பியக் கொல்லர்கள் முத்திரை குத்திய இடம் அது. நாலைந்து கீறலில் ஓர் ஓநாய் ஓடும். கீறலுக்குள் பித்தளை மின்னும். ஜெர்மனியின் பாசாவ் நகரச் சின்னம் அது. பிறகு சோலிங்கன் கொல்லர்களும் அதையே குத்தினார்கள். ‘அந்திரேயா ஃபெராரா’ என்ற எழுத்தும் அப்படித்தான்: 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கொல்லரின் பெயர், சோலிங்கன் அலகுகளில் வெகுகாலம் வாழ்ந்தது. ஆகவே முத்திரையை மட்டும் நம்பி ஒரு வாளுக்கு ஊரும் காலமும் சொல்லிவிட முடியாது.

17ஆம் நூற்றாண்டில் இத்தகைய அலகுகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. உருக்குக்குப் பேர்போன நாடுதான் இது. ஆனாலும் வளைந்து நிமிரும் அந்த நீண்ட அலகை மராட்டிய வீரர்கள் விரும்பி வாங்கி, நம் ஊர்க் கைப்பிடியைப் பொருத்தினார்கள். ஃபிரங்கி என்ற வாள் பிறந்தது இப்படித்தான். தஞ்சையில் வெளிநாட்டு அலகைக் கட்டாரியிலும் பூட்டினார்கள். தஞ்சை அரண்மனை ஆயுதங்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சேகரிப்பில் இறங்குபவர் பணத்தை எடுக்குமுன் கண்ணைப் பழக்க வேண்டிய இடம் அது.

அடுத்துப் பார்க்க வேண்டியது பொருத்து. ஜெர்மன் வாளில் அலகின் வால் கைப்பிடியை ஊடுருவிப் போகும். அதன் நுனியை அடித்து மடக்கியிருப்பார்கள். நம் முறையில் குட்டை வாலைச் சூடான அரக்கில் இறக்குவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அலகானால் இருபுறமும் பட்டை வைத்து ஆணி அறைவார்கள். அரக்கு புதிதாக, ஆணித் தலைகள் ஒரே அச்சாக இருந்தால், அந்தச் சேர்க்கை அண்மையில் நடந்ததா என்று சந்தேகப்பட வேண்டும்.

என்னை வருத்துவது ஒன்று உண்டு. ஜெர்மன் அலகுக்கு விலை கூடுதல் என்று, தஞ்சைக் கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஐரோப்பியப் பிடி மாட்டி ‘அசல்’ என்று விற்கிறார்கள். ஜெர்மன் அலகும் தஞ்சைக் கைப்பிடியும் சேர்ந்துதான் அசல். பிரித்தவுடன் கடல் கடந்து வந்த வரலாறும் போயிற்று, அதை ஏற்ற கையின் வரலாறும் போயிற்று.

எங்கள் திருக்கழுக்குன்றத்தில் வாளைப் பாதுகாப்பது தனி வேலை. சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் கடற்காற்றில் உப்பு உண்டு. மழைக்காலத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அலகைத் தோலுறைக்குள் வைக்கவே கூடாது. பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் தடம் துருவாகும். தேங்காய் எண்ணெய் பிசுக்காக இறுகிவிடும். மெல்லிய இயந்திர எண்ணெய் போதும். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குவது மன்னிக்க முடியாத குற்றம். மங்கிய ஓநாய் அதோடு அழிந்துபோகும்.

நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. எனக்கு அது சரியென்றே படுகிறது. வாங்குங்கள், எங்கே, எந்த நிலையில் கிடைத்தது என்று அன்றே எழுதி வையுங்கள், கைப்பிடியைக் கழற்றாதீர்கள்.