இரைச்சலற்ற இசைப்பெட்டி

இசையை விரும்பாத தமிழரில்லம் இந்நாட்டில் அரிது. ஆயினும் நல்லொலியோடு இசை கேட்பது செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒருங்கே வேரூன்றியுள்ளது. அது பிழையென்பதைக் கணக்கோடு எடுத்துரைப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கம். யாம் பொறியியல் கற்றவரல்லோம். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதும் கிராணியே. கூட்டல் கழித்தல் அறிந்த எவரும் இதனைச் செய்து முடிக்கலாம்.

எமது தந்தையார் பால்மரம் வெட்டியவர். அவர் மறைந்தபோது எமக்கு விட்டுச் சென்ற உடைமை, தோட்டத்துத் திருவிழாக்களில் தாமே ஒலிப்பதிவு செய்த 62 கேசட்டுகள். நாதசுரமும், பஜனையும், இடையிடையே ஆட்களை அழைக்கும் அவர்தம் குரலும் அவற்றில் உள்ளன. காந்தத் துகள் பூசிய நாடா காலத்தாலும் ஈரக் காற்றாலும் கெடுவது. ஆதலின் அனைத்தையும் ஒவ்வொன்றாகக் கணினியில் பதிவு செய்தோம். கேட்க அமர்ந்தபோது கணினியின் விசிறி இரைந்தது. “ஐயா, அப்பா என்னா சொல்றாருன்னே கேக்கலியே” என்றார் அன்னையார்.

பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர், இசைக்கெனவே செய்த கருவியொன்றைக் காட்டி 4,000 வெள்ளி விலை சொன்னார். அது எமது ஒரு மாதச் சம்பளத்தினும் மிகுதி. மகளின் பள்ளிச் செலவோ முன்னின்றது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தட்டு, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்க இரும எண்ணாகக் குறிக்கிறது. மனிதச் செவியின் எல்லை விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு. அதன் இருமடங்கினும் அதிகமாக அளந்தால், அவ்வெல்லைக்குட்பட்ட ஒலி எதுவும் தவறாது. இடம் வலம் இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 176,400 பைட்டுகளே. பத்தாண்டு பழைய கணினிக்கும் இது எளிய வேலை. எனவே விரைவு வேண்டுவதில்லை; அமைதியே வேண்டும்.

இரைச்சல் பிறப்பது சுழலும் விசிறியிலும் சுழலும் வன்தட்டிலுமாம். கணினி உண்ணும் மின்சாரம் இறுதியில் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றவே விசிறி. மின்சாரம் குறைந்தால் வெப்பம் குறையும். வெப்பம் குறைந்தால் விசிறி வேண்டா. ஆகவே, ஆபீசுகள் கழித்து விற்கும் தின் கிளையண்ட் என்னும் சிறு கணினிகளுள் விசிறியில்லாத ஒன்றை 120 வெள்ளிக்கு வாங்கினோம். இசை பாடுகையில் அது ஏறத்தாழ 10 வாட்டே உண்கிறது. சுழலும் பாகமற்ற 128 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றை 70 வெள்ளிக்கு வாங்கி அதனுள் பொருத்தினோம். எண்களில் ஒன்றையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் முறையில் எழுதினால், 250 மணி நேர இசை அதில் அடங்கும். லினக்ஸ் இயங்குதளமும் இசையை இயக்கும் எம்.பி.டி. மென்பொருளும் விலையின்றிக் கிடைப்பவை.

எண்களை மீண்டும் மின்னலையாக்குவது டேக் என்னும் சிறு பெட்டி. கணினிக்குள் நிகழும் மின்குறுக்கீடு ஒலியில் கலப்பது குறையவேண்டி, யு.எஸ்.பி. வழியே வெளியில் இணைக்கும் ஒன்றை 130 வெள்ளிக்கு வாங்கினோம். ஆக 320 வெள்ளி. ஆம்ப்ளிஃபையரும் ஒலிபெருக்கிகளும் தந்தையார் காலத்தனவே. விசிறியில்லாப் பெட்டியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். அழகுக்கெனத் துணி போர்த்தலாகாது.

ஆயிரக்கணக்கில் விலையுள்ள யு.எஸ்.பி. கம்பி இசைக்கு இனிமை கூட்டும் என்பாரும் உளர். எண்கள் பிழையின்றிச் சென்று சேரும்போது, கம்பியின் விலை அவ்வெண்களைத் திருத்துவதில்லை. ஐயமுற்றோர், எந்தக் கம்பி இணைந்துள்ளது என்றறியாமல் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்துத் தாமே தீர்மானிக்கட்டும். காசு கொடுக்குமுன் காரணம் கேட்கும் பழக்கம் இசைக்கும் வேண்டும்.

இன்று எமது வீட்டில், “விளக்குப் பிடிக்கிறவங்க முன்னுக்கு வாங்க” என்று தந்தையார் அழைப்பது தெளிவாகக் கேட்கிறது. விளக்குப் பிடித்தவர் யார் யாரென அன்னையார் பேரப்பிள்ளைக்குச் சொல்கிறார்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பரண்மேலும் இத்தகைய நாடாக்கள் கிடக்கக்கூடும். பூஞ்சணம் பொறுத்திராது. இவ்வாரமே இறக்கிப் பாருங்கள்.