செய்தி இருக்கிறது... வழிதான் இல்லை!

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர். பெரிய நகரமெல்லாம் இல்லை. ஆனால், ஊருக்கென்று ஒரு நாளிதழ் உண்டு: 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்'. 2003-ம் ஆண்டு அதன் இணையப் பிரிவில் இரண்டு இளைஞர்கள் வேலை பார்த்தார்கள். ஒருவர் ஏட்ரியன் ஹோலோவாட்டி. இன்னொருவர் சைமன் வில்லிசன், இங்கிலாந்தில் படித்துக்கொண்டே ஒரு வருட வேலைக்காக வந்தவர்.

பத்திரிகை ஆபீஸ் அவசரம் தெரிந்ததுதானே! காலையில் 'புதுப் பக்கம் வேண்டும்' என்பார்கள். சாயங்காலத்துக்குள் வந்தாக வேண்டும். அதனால், திரும்பத் திரும்ப எழுதவேண்டியிருந்த வேலைகளைத் தனியே பிரித்து, பைத்தான் மொழியில் ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டார்கள். அதில் முக்கியமானது, முகவரி.

அந்தக் காலத்து இணைய முகவரிகளைப் பார்த்தால் தலை சுற்றும். கேள்விக்குறி, சமக்குறி, ஏதோ ஒரு எண், எந்த மொழியில் எழுதினார்கள் என்று காட்டும் ஒரு வால். மொழியை மாற்றினால் வால் மாறும். வால் மாறினால் பழைய முகவரி செத்துப்போகும். தாத்தாவின் இரங்கல் செய்தி வந்த பக்கத்தை ஒரு குடும்பம் குறித்து வைத்திருக்கும். நாலு வருடம் கழித்துத் திறந்தால், 'பக்கம் இல்லை' என்று வரும். செய்தி கம்ப்யூட்டரில் பத்திரமாகத்தான் இருக்கும். போய்ச் சேரும் வழிதான் இருக்காது. முகவரிகளை மாற்றாதீர்கள் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 1998-ல் எழுதியிருந்தார்.

லாரன்ஸ் இளைஞர்களின் வழியில் முகவரிகளுக்கென்று தனிப் பட்டியல். 'இந்த மாதிரி முகவரி வந்தால் இந்த புரோகிராமைக் கூப்பிடு', அவ்வளவுதான். உள்ளே யார் சீட் மாறினாலும், வருகிறவருக்குத் தெரியவேண்டியதில்லை. முகவரியில் வருடம், மாதம், தேதி, பிறகு செய்தியின் சுருக்கப் பெயர். அந்தப் பெயரை 'ஸ்லக்' என்பார்கள். அச்சுக்கூடத்திலும் செய்தி அறையிலும் புழங்கிய சொல் அது; இன்று பத்திரிகை ஆபீஸ் பக்கமே போகாத புரோகிராமர்களும் சொல்கிறார்கள்.

பக்க வடிவமைப்பிலும் இதே கதைதான். தலைப்பட்டை, மெனு, அடிப்பகுதி எல்லாம் ஒரே ஃபைலில். நடுவில் காலி இடம். ஒவ்வொரு பக்கமும் அந்த இடத்தை மட்டும் நிரப்பும். லோகோ மாறினால் ஒரே ஃபைலைத் திருத்தினால் போதும், ஆயிரம் பக்கமும் மாறிவிடும். (அதில் ஒரு குறி விட்டுப்போனால் ஆயிரம் பக்கமும் சேர்ந்தே படுத்துவிடும் என்பது வேறு விஷயம்!)

2005 ஜூலையில் அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். ஹோலோவாட்டி கிட்டார் பிரியர். 1928-ல் ஒரு தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் பாதிக்கப்பட்டும், மீதி விரல்களுக்கேற்பத் தன் வாசிப்பையே மாற்றிக்கொண்ட ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்: 'ஜாங்கோ'. பிற்பாடு இன்ஸ்டாகிராமைக் கட்டியதும் அதை வைத்துத்தான்.