இரவல் போன சொல்

சமயபுரத்திலிருந்து ஓர் அம்மையார் நம்மைக் காண வந்திருந்தார். அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறோம். வயது 46. லாரி ஓட்டுநரான கணவர் முதுகு நோவினால் ஓராண்டாக வீட்டோடு இருக்கிறார். மகள் செவிலியர் கல்லூரியில் பயில்கிறாள். தையல் வேலையோடு, கைப்பேசியில் விளம்பரப் படம் எடுத்துக் கொடுத்தும் அம்மையார் பொருளீட்டி வருகிறார் என்பதை அறிந்திருந்தோம்.

"ஸ்தோத்திரம் சாமி" என்று கைகூப்பியவர், தலைமுடித் தைலப் புட்டி ஒன்றையும் ஒரு தாளையும் மேசைமீது வைத்தார். இருபதே நாளில் முடி கொட்டுவது நின்றுவிட்டதாக அவர் பேசவேண்டிய வசனம் அத்தாளில் இருந்தது. தைலம் வந்து சேர்ந்ததோ முந்தைய நாள்தான்.

"இன்னும் மூடியைக்கூடத் திறக்கவில்லை சாமி. இப்படிச் சொன்னால் பாவமா?"

வாசகர் பலர் இதை யூடியூப் வருமானம் என்று எண்ணக்கூடும். அது வேறு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு முதியவரும் அவர்தம் பேரப்பிள்ளைகளும் 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரை எட்டியது. இந்த அம்மையாருக்கு நூறு பேரும் இல்லை; இருக்கவேண்டியதும் இல்லை. நிறுவனம் பொருளை அனுப்பும். இவர் தம் அடுப்படியில் நின்று பேசிப் படம்பிடித்து அனுப்புவார். நிறுவனம் அதைத் தன் விளம்பரமாக வெளியிட்டுக்கொள்ளும். படம் ஒன்றுக்கு 1,500 ரூபாய். நடிகையின் பேச்சைவிட நரையோடிய குடும்பத் தாயின் பேச்சை மக்கள் நம்புவர் என்பதே கணக்கு. இத்தொழிலில் நரையும் ஒரு முதல்தான்!

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019) ஒன்று உண்டு. அதன்கீழ் 2022 ஜூனில் வெளியான நெறிமுறைகளின்படி, ஒரு பொருளுக்குப் பரிந்து பேசுவோர் தம் உண்மையான கருத்தையே, போதிய விவரமோ அனுபவமோ பெற்றபின் கூறவேண்டும். மக்களை ஏய்க்கும் விளம்பரத்திற்குத் தண்டம் பத்து இலட்சம் ரூபாய் வரை செல்லும். இதைச் சொன்னோம். எட்டாம் கட்டளையையும் நினைவூட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் நமக்கு நா எழவில்லை.

குருப்பட்டம் பெற்ற புதிதில், 1998-இல், ஓர் ஊரில் உதவிப் பங்குக் குருவாக இருந்தோம். கோவிலுக்கு ஒலிபெருக்கி வாங்கித் தந்த அன்பர் ஒருவர், தேக்குமரத் திட்டம் ஒன்றைப் பற்றி அறிவிக்கும்படி வேண்டினார். அந்நாளில் அத்தகைய திட்டங்கள் தமிழகமெங்கும் மலிந்திருந்தன. ஒரு கன்றைக்கூடக் கண்ணால் காணாத நாம், திருப்பலி முடிந்ததும் அதே ஒலிபெருக்கியில் அறிவித்தோம். மறு ஆண்டு அந்நிறுவனத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. கணவரின் சேமநலப் பணம் முழுவதையும் அதில் போட்டிருந்த கைம்பெண் ஒருவர், அடுத்த ஞாயிறும் வழக்கமான இடத்திலேயே அமர்ந்திருந்தார். வழக்கம்போலவே தோத்திரம் சொன்னார். ஏசியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

இதை அம்மையாரிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அந்த அம்மாவுக்குப் பணம் திரும்பக் கிடைத்ததா சாமி?" என்றார்.

"இல்லை" என்றோம்.

புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

இருபது நாள் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கண்டதைச் சொல்கிறேன் என்று நிறுவனத்துக்கு எழுதினாராம். புட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அத்தோடு அவர்களிடமிருந்து வேலை நின்றது. அந்தமுறை கல்லூரிக் கட்டணத்துக்குத் தோடு அடகுக்குப் போயிற்று. நம் அறிவுரைக்கு நமக்கு ஒரு காசும் செலவில்லை, செலவெல்லாம் அவருடையது. இதை எண்ணாமல் அவரை நாம் பாராட்டுவது முறையன்று.

மாசி மாதம் பூச்சொரிதல் விழாவின்போது மீண்டும் வந்தார். கோவில் தெருவில் மேளச் சத்தம்; வீட்டில் படம் எடுக்க இயலவில்லை, பங்கு இல்லத்துச் சமையலறையைத் தரமுடியுமா என்று கேட்டார். கையில் வேறொரு நிறுவனத்தின் இட்லிப் பொடி இருந்தது. இட்லியை நம் சமையற்காரரே அவித்தார். மின்விசிறியை நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் மூச்சுக் காட்டாமல் ஓரமாக நின்றோம். அம்மையார் ஒரு வாய் உண்டார். கைப்பேசியைப் பார்த்து, "மணம் நன்றாக இருக்கிறது, காரம்தான் கொஞ்சம் தூக்கல்" என்றார். பிறகு, இதை வைத்துக்கொள்வார்களா என்பதுபோல எங்கள் பக்கம் திரும்பினார்.