ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா

ராத்திரி பதினொன்றரை மணி. எங்க ஹாஸ்டலில் வைஃபை உருப்படியாக எடுக்கிற நேரம் அதுதான். நானும் ரூம்மேட்டும் பக்கத்து ரூம் ஜூனியர்கள் ரெண்டு பேருமாக பி.ஜி.எம்.ஐ.யில் இறங்கியிருந்தோம். ஒரு வீட்டு மாடிக்கு ஏறினேன். தரையில் நீளமாக ஒரு துப்பாக்கி கிடந்தது.

"அண்ணா, எஸ்.எல்.ஆர்.! எடுங்க, எடுங்க, செம டேமேஜ் வரும்!"

எடுக்காமல் தாண்டிப் போனேன். அடுத்த தெருவிலேயே செத்தும் போனேன். கையில் கிடைத்ததை விட்டுவிட்டேன் என்று ஜூனியருக்கு ஒரே வருத்தம். "நெட் இழுத்துருச்சுடா" என்று சொல்லிச் சமாளித்தேன். நெட் நல்லாத்தான் இருந்தது. காரணம் வேற.

ஆட்டம் முடிந்ததும் ஜூனியர் கேட்டான்: "அண்ணா, நிஜத்துல இதெல்லாம் வாங்க முடியுமா? என்ன விலை இருக்கும்?"

எனக்கு டெக்ஸாஸில் இருக்கிற அத்தான் ஞாபகம் வந்தது. கிரீன் கார்டு வந்த கையோடு அவர் செய்த முதல் வேலை, ஒரு துப்பாக்கி வாங்கி அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதுதான். ருமேனியாவில் செய்து இறக்குமதியாகிற ஏ.கே. ரக ரைஃபிள். பார்க்க அச்சு அசல் பட்டாளத்துத் துப்பாக்கி. ஆனால் பொதுமக்களுக்கு விற்பதற்காக செமி ஆட்டோமேட்டிக்காக மட்டும் செய்தது. கடையில் ஒரு படிவம், எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை, கார்டைத் தேய்ப்பு, அவ்வளவுதான். "என் போனை விட விலை கம்மிடே" என்று பெருமையாக எழுதியிருந்தார். படத்தில் துப்பாக்கி இருந்தது சமையல் மேடையில். அதற்கு அத்தை போட்ட பதில்: "அடுப்புப் பக்கத்துல ஏம்ல வச்சிருக்க?"

ரூம் முழுக்கச் சிரிப்பு. சிரிக்காதவன் ரூம்மேட் மட்டும்தான். அவன் அப்பா ஆயுதப்படையில் போலீஸ்.

"நம்ம நாட்டுல அந்தக் கதையே கிடையாது" என்றான் அவன். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, விவசாயி பன்றி விரட்ட வைத்திருக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கே லைசென்ஸ் வேணும். தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளுக்கு அதிகபட்சம் ரெண்டு துப்பாக்கிதான். பட்டாளத்து ரகமெல்லாம் தடை செய்யப்பட்ட ஆயுதம். லைசென்ஸ் இல்லாமல் அது கையில் இருந்தால் குறைந்தது ஏழு வருஷம், அதிகபட்சம் பதினாலு வருஷம் சிறை.

"எங்க ஊருக்கே ஒரு கப்பல் நிறைய வந்துச்சு, தெரியுமா?" என்றேன். அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. தூத்துக்குடிக்காரர்களுக்கு மறக்காது.

2013 அக்டோபர் 12. 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை பிடித்து எங்க வ.உ.சி. துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. முதலாளி அமெரிக்க நிறுவனம், கப்பலில் பறந்தது சியரா லியோன் கொடி. உள்ளே இருந்த 35 பேரில் இங்கிலாந்து, எஸ்டோனியா, உக்ரைன் நாட்டுக்காரர்களோடு நம்ம நாட்டு மாலுமிகளும் உண்டு. கடற்கொள்ளையர்களிடம் இருந்து சரக்குக் கப்பல்களைக் காப்பாற்றக் காவலுக்குப் போகிறவர்கள் என்று சொன்னார்கள். கூடவே 35 செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களும் ஐயாயிரத்துக்கு மேல் தோட்டாக்களும் இருந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயசு. அப்பாவுக்கு ஹார்பரில்தான் வேலை. தினமும் சாயங்காலம் அவர் பைக் சத்தம் கேட்டதும் ஓடிப்போய், "துப்பாக்கிக் கப்பல் நிக்கா, போயிருச்சா?" என்று கேட்பேன். "நிக்கி, நிக்கி" என்பார். கப்பல் நின்றுகொண்டே இருந்தது. வழக்கு மதுரைக்கும் டெல்லிக்கும் போய்த் திரும்பி வந்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் எல்லாருக்கும் ஐந்து வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை செய்தது. சுடாத துப்பாக்கிகளுக்காக நாலு வருஷம் ஓடிப்போயிருந்தது.

'செமி ஆட்டோமேட்டிக்' என்ற வார்த்தை எனக்கு முதலில் தெரிந்தது அந்தக் கப்பலால்தான். அர்த்தம் புரிந்தது மெக்கானிக்கல் சேர்ந்த பிறகு. இன்ஜினில் வெடிக்கிற வாயு பிஸ்டனைத் தள்ளுகிற அதே கதைதான். தோட்டா குழாயில் பாயும்போது பின்னால் வருகிற வாயுவில் கொஞ்சம் ஒரு துளை வழியாகப் பிரிந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் தள்ளின வேகத்தில் காலிக்கூடு வெளியே விழும், ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். எல்லாம் தானாக நடக்கும், ஒன்றைத் தவிர. சுடுவது தானாக நடக்காது. விரலை எடுத்து மறுபடி இழுத்தால்தான் அடுத்த தோட்டா போகும். முழு ஆட்டோமேட்டிக்கில் ஒருதரம் அழுத்திப் பிடித்தால் சரமாகப் போகும். செமியில் ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டாதான்.

இதைப் படிக்கப் போய் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிற எல்லாரும் வாஞ்சி மணியாச்சி ஸ்டேஷனைத் தாண்டித்தான் போவோம். 1911 ஜூன் 17 அன்று அங்கே வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அதைச் செய்தது எஃப்.என். தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையில் பிரௌனிங்கிடம் வேலை பார்த்த ஒருவர் பின்னாளில் வடிவமைத்ததுதான் எஃப்.ஏ.எல். ரைஃபிள். அதைப் பார்த்து நம்ம நாட்டில் செய்ததுதான் எஸ்.எல்.ஆர். நீளப் பெயர், செல்ஃப் லோடிங் ரைஃபிள். சீனப் போருக்குப் பிறகு பட்டாளத்துக்குக் கொடுத்தார்கள். பிறகு போலீஸ் கைக்கும் வந்தது. 7.62 மி.மீ. தோட்டா, மேகசினில் இருபது. பெல்ஜியத்து எஃப்.ஏ.எல். சரமாகவும் சுடும். நம்ம ஊரில் செய்த எஸ்.எல்.ஆர். செமி மட்டும்தான்.

மாடியில் கிடந்ததைத் தாண்டிப்போன கதைக்கு இப்போது வருகிறேன்.

2018 மே 22. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். எனக்குப் பதினாலு வயசு, கோடை லீவு. வெளியே போகக்கூடாது என்று அம்மா கதவைப் பூட்டிவிட்டார்கள். பிரையண்ட் நகர் வீட்டு மொட்டை மாடியில் இருந்து பார்த்தால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் புகை மட்டும் தெரிந்தது. அப்பா அன்றைக்குப் போராட்டத்துக்குப் போகவில்லை. பைபாஸ் பக்கம் யாருக்கோ பணம் கொடுக்கப் போனவர், கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார். போன் அடித்தால் எடுக்கவில்லை. அம்மா அழவும் இல்லை. வாசலில் உட்கார்ந்து கோலப்பொடி டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அப்பா நடந்து வந்தார். பைக் இல்லை, காலில் செருப்பும் இல்லை. சட்டையில் ரத்தம் இருந்தது, அவருடையது இல்லை. ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். இன்றைக்கு வரைக்கும் அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

"சரவெடி மாதிரின்னு நினைச்சேன். அப்பிடி இல்ல. ஒண்ணொண்ணாக் கேட்டுச்சு. ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. நடுவுல எடவெளி இருந்துச்சு."

போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். பிளஸ் டூ எழுதி முடித்திருந்த ஒரு அக்காவும் அதில் ஒருத்தி. அடுத்த நாள் மூன்று மாவட்டங்களில் நெட்டை நிறுத்தினார்கள். வேன் மேலே சாதா உடையில் ஏறி நின்று குறிபார்க்கிறவரின் வீடியோவைப் பிறகுதான் பார்த்தேன். அவர் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர்.

அப்பா சொன்ன அந்த 'எடவெளி' எனக்குப் பல வருஷம் புரியவில்லை. வாயு, பிஸ்டன், ஸ்பிரிங் எல்லாம் படித்த அன்றைக்குத்தான் சுரீர் என்றது. அந்த இடைவெளியில் மெஷின் தன் வேலையை முடித்துவிட்டுச் சும்மா நிற்கிறது. அடுத்ததை விரல்தான் சொல்லணும். 13 பேர் என்றால் குறைந்தது 13 தரம் ஒரு விரல் முடிவு எடுத்திருக்கிறது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை, ஒரே காவலர் 17 முறை சுட்டதாக எண்ணிச் சொல்கிறது. பதினேழு தரமும் விரலை எடுத்து, மறுபடி இழுத்திருக்கிறார்.

அந்த ராத்திரி இதையெல்லாம் சொல்லி முடித்தபோது ரூமில் யாரும் பேசவில்லை. ரூம்மேட் அப்பா அந்த நாளில் வேற மாவட்டத்தில் டியூட்டி. அது எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிடுகிறோம், ஆனால் இந்தப் பேச்சை மட்டும் ரெண்டு பேருமே எடுத்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்.

"எங்கப்பா சொல்வாருடா, ட்ரெயினிங்ல மொதல்ல சுடக் கத்துக்கொடுக்க மாட்டாங்களாம். விரலை டிரிக்கருக்கு வெளிய வைக்கத்தான் கத்துக்கொடுப்பாங்களாம். எத்தனை தோட்டா வாங்குனோம், எத்தனை திரும்பக் குடுத்தோம்னு எல்லாத்துக்கும் கணக்கு உண்டாம்." பிறகு, "அந்தக் கணக்குதான் ஊர்ல வரலைல்ல?" என்றான்.

"வரல" என்றேன். அதற்கு மேல் ரெண்டு பேரும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு அவன் கேட்டது எனக்குப் பெரிய விஷயம்.

ஜூனியர் பாவம், பயந்துவிட்டான். "அப்ப கேம்ல எடுக்கிறது தப்பாண்ணா?"

"தப்பெல்லாம் இல்லடா. நீ எடு. எனக்குத்தான் கை போகல."

அத்தானுக்கு நான் ஒன்றும் அறிவுரை எழுதவில்லை. அவர் ஊர்ச் சட்டம் அவருக்கு. போன வாரம்கூட மெசேஜ் போட்டிருந்தார், "டெக்ஸாஸ் வா மாப்ள, ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போறேன், நீயும் சுட்டுப் பாரு" என்று. அங்கேயும் கடல் இருக்குல்ல, தூண்டில் போடக் கூட்டிட்டுப் போங்க என்று பதில் போட்டேன்.

நேற்றும் ஆடினோம். அதே மாதிரி ஒரு மாடி, அதே துப்பாக்கி. ஜூனியர் எடுத்துக்கொண்டான், ஜன்னலில் நின்று சுட்டான். நான் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்களும் அடுத்த தரம் ஆடும்போது கவனித்துக் கேளுங்கள். ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. நடுவில் இடைவெளி இருக்கும்.